வாழவந்தி நாட்டில் ஒரு பலகைத் தரை

கொல்லி மலைக்குப் போகிறேன் என்று சொன்னதுமே மாடி வீட்டு மாமி, "மிளகு ஒரு கிலோ, மலைத்தேன் ஒரு பாட்டில், அப்படியே அறப்பளீசுவரருக்கு என் பேரில் ஓர் அர்ச்சனை" என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டாள். என் சிநேகிதி டெலிபோனில் கேட்டதோ வேறு. "வரும்போது பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருந்தால் எடுத்துக்கொண்டு வா. நல்ல கெட்டி அட்டையாக இருக்கட்டும்" என்றாள்.

"எதற்கடீ?" என்றேன்.

"தரை போடுகிறோம்" என்றாள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. மலைக்காரர்களோடு பேசும்போது இது சகஜம்.

கல்யாணப் பத்திரிகையை வைத்து எப்படித் தரை போடுவது? நாமக்கல் பஸ் ஸ்டாண்டு வரை யோசித்தும் விளங்கவில்லை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் யோசனைக்கே இடமில்லை. மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். பக்கத்து ஸீட்டுக் குழந்தை அவற்றை உரக்க எண்ணிக்கொண்டு வந்தது. நாற்பதுக்கு மேல் அதுவும் வாயை மூடிக்கொண்டு தாயார் மடியில் படுத்துவிட்டது. நானும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

சோளக்காட்டில் கண் திறந்தபோது ஜன்னல் வழியே குளிர் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே வந்துவிட்டோம். சந்தையில் மலைவாழையும் அன்னாசியும் குவிந்து கிடந்தன. செம்மேட்டில் இறங்கினால் குதிரைமேல் வல்வில் ஓரி. இந்த மலையை ஆண்ட கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனை வணங்கிவிட்டு நடந்தேன்.

இங்கே ஊர்களைச் சேர்த்து 'நாடு' என்கிறார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு என்று எத்தனையோ நாடுகள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் வாழவந்தி நாடு. வாழ வந்தவர்களின் நாடு என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பண்டிதர்கள் மன்னிக்கட்டும். இங்கு வாழ்கிற மலையாளிகள் கேரளத்தவர் அல்லர். மலையை ஆள்பவர்கள், தமிழே பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் மலையேறி வந்தார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை.

என் சிநேகிதி அவர்களில் ஒருத்தி. சேலத்துக் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறையில் மூன்று வருஷம் குடித்தனம் செய்தோம். இப்போது அவள் சொந்த மலையிலேயே டீச்சர். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் சூழச் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் ஓர் அறை, 12 அடிக்கு 10 அடி. தாயாருக்கென்று கட்டியது. தரைத் தகராறெல்லாம் அந்த அறையில்தான்.

போன ஆடியில் ஓரி விழாவுக்கு வந்தபோதே அந்தக் கதையைப் பார்த்துவிட்டேன். முதலில் அங்கே பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தாள். மலையில் பனிமூட்டம் கதவைத் தட்டிக் கேட்டா உள்ளே வருகிறது? ஈரக்காற்று சில்லிட்ட டைல்ஸின்மேல் பட்டதும் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். "தரை வேர்க்குது கண்ணு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஒரு நாள் விடியற்காலையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு தப்பியது தெய்வாதீனம். எழுந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு தோட்டத்து மூலையிலிருந்த பழைய மண்வீட்டுக்கே போய்விட்டார். அங்கே சாணம் மெழுகிய தரை. குளிராது, வழுக்காது.

எழுபது வயதுத் தாயார் ஒழுகுகிற கூரையின்கீழ். பெண் கான்கிரீட் வீட்டில். டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பலகைத் தரை போட்டால் குளிராது என்று யாரோ சொன்னார்கள். கீழேயிருந்து ஒரு கான்டிராக்டர் வந்தார். பெயர் வேண்டாம். சில்வர் ஓக் பலகை, நாலு அங்குல அகலம், முக்கால் அங்குல கனம். ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் காடி, ஒன்றில் ஒன்று கோத்துக்கொள்ளும்படி மெஷினில் அறுத்தது. பங்குனி வெயிலில் இரண்டே நாளில் சுவருக்குச் சுவர் இறுக்கி அடித்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு இறங்கிவிட்டார். "ஒரு தாள்கூட நுழையாது பாருங்கள்" என்று பெருமை வேறு!

ஆடியில் நான் பார்த்தபோது அந்தத் தரை நடு அறையில் ஆமை முதுகுபோல் எழும்பி நின்றது. கட்டிலின் ஒரு கால் அந்தரத்தில் ஆடியது. இரவில் 'டப்' என்று துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டது. அம்மா மண்வீட்டுத் திண்ணையிலிருந்தே விசாரித்தார்: "என்ன கண்ணு, தரை நடக்குதா?"

இந்த நிலையில்தான் ஆசாரியார் வந்து சேர்ந்தார். அடிவாரத்து ஊர்க்காரர். தகப்பனார் காலத்திலிருந்தே மலைக்கு வேலைக்கு வந்துபோகும் குடும்பம். வந்தவர் தரையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கான்டிராக்டரைத் திட்டவுமில்லை. குனிந்து ஒரு பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"மரம் நல்ல மரந்தானுங்க. காய்ஞ்சதுதான் குத்தம்" என்றார்.

காயாத பலகையைப் போட்டால் பிற்பாடு சுருங்கி இடுக்கு விடும். இது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதி. காய்ந்ததில் என்ன குற்றம்? ஆசாரியார் விளக்கினார். கீழே நாமக்கல் வெயிலில் அப்பளமாய்க் காய்ந்த பலகையை மேலே பனிக்குக் கொண்டுவந்தால் அது ஈரத்தைக் குடித்து ஊதும். நீளத்தில் அநேகமாக ஊதாது, அகலத்தில்தான் ஊதும். நூற்றுக்கு ஒரு பங்கு ஊதினால் போதும். பத்தடி அறை என்பது 120 அங்குலம். அதில் ஒரு பங்கு என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. சுவர் நகருமா? நகராது. ஆகவே பலகை எழும்புகிறது. டீச்சர் கணக்கு டீச்சர். "இத்தனை வருஷம் இதைப் பிள்ளைகளுக்குப் போடாமல் விட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வெட்டிப் பல வருஷமான மரம்கூடவா ஈரம் குடிக்கும் என்று நான் கேட்டேன். நம் வீட்டு மரக் கதவு ஐப்பசியில் இறுகிச் சித்திரையில் தளர்வதில்லையா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வாயடைத்துவிட்டது. சென்னையில் எங்கள் வீட்டுப் பீரோக் கதவோடு நான் பத்து வருஷமாக மல்லுக்கு நிற்கிறேன்.

பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். பதினைந்து இருபது பலகைகள் பிளந்து வீணாகிவிட்டன. மற்றவற்றை அந்த அறையிலேயே, அடுக்குக்கு அடுக்கு குறுக்கே குச்சி வைத்து, நாலு பக்கமும் காற்றோடும்படி அடுக்கினார் ஆசாரியார். "எப்போ வரட்டும்?" என்று கேட்டதற்கு, "பலகையே சொல்லும்" என்றார். ஒரு பலகையைத் தனியே எடுத்து மிளகு நிறுக்கிற தராசில் நிறுத்தி, எடையைச் சாக்குக்கட்டியால் சுவரில் எழுதினார். வாரத்துக்கு ஒரு தடவை அதே பலகையை நிறுத்து எழுதிவர வேண்டும். எடை மாறாமல் நின்றால் பலகை மலைக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். டீச்சர் விடுவாளா? ஈரம் காட்டும் மீட்டர் ஒன்றைத் தபாலில் தருவித்தாள். ஐப்பசி அடைமழையில் எடை ஏறியது. மார்கழி கடைசியில் இறங்கி, தை பிறந்ததும் மூன்று வாரம் ஒரே புள்ளியில் நின்றது. மீட்டரும் நூற்றுக்கு 13 பங்கு ஈரம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. உடனே ஆசாரியாருக்கு ஆள் போயிற்று. எனக்கு டெலிபோன் வந்தது.

வீணான பலகைகளுக்கு மாற்று வேண்டுமே? கீழேயிருந்து புதிதாக வாங்கினால் மறுபடி ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். ஆசாரியாரின் கண் பழைய மண்வீட்டுப் பரண்மேல் விழுந்தது. சாமையும் கேழ்வரகும் சேர்த்துவைக்கிற பரண். அடுப்புப் புகை ஏறி ஏறிக் கரேலென்றிருந்த பலகைகள். ஆனால் அதைக் கேட்பது யார்? அந்தப் பரண் அம்மாவின் மாமனார் தம் கையால் போட்டது. டீச்சர் பின்வாங்கினாள். ஆசாரியாரே திண்ணைக்குப் போய்க் கீழே உட்கார்ந்து, "ஆத்தா, பரண்லே பாதி குடுப்பீங்களா?" என்று கேட்டார். அம்மா வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பதில் சொல்லவில்லை. அப்புறம், "தானியம் வெக்க எனக்குப் பாதி போதும்" என்றார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான் அந்தப் பலகைகளை இழைத்தார்கள். இழைப்புளி இரண்டு தடவை ஓடியதும் கரியெல்லாம் சுருளாகக் கழன்று விழுந்தது. உள்ளே பார்த்தால் மஞ்சள்! அப்போதுதான் அரைத்த பசுமஞ்சள் மாதிரி. பலா மரம்! தஞ்சாவூரில் வீணை செய்கிற அதே மரம். பர்மாவிலும் தாய்லாந்திலும் பௌத்த பிக்ஷுக்களின் ஆடைக்கு இந்த மரச் சிராயை வேகவைத்துத்தான் சாயம் எடுப்பார்களாம். பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க் கொட்டாரத்தில் இழை இழையாய்ச் செதுக்கிய ஒற்றைப் பலாத் தூண் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வைரம் பாய்ந்த பலாவைக் கரையான் சுலபத்தில் தொடாது. அத்தனை பெருமையும் இங்கே சாமை மூட்டையின் அடியில் புகை குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

சில்வர் ஓக்கும் லேசுப்பட்டதல்ல. பூர்வீகம் ஆஸ்திரேலியா. காப்பிக்கும் தேயிலைக்கும் நிழல் தரட்டும் என்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் கொண்டுவந்தது. இன்று கொல்லி மலையில் மிளகுக்கொடி அதன்மேல்தான் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவில் இதற்குப் 'பட்டு ஓக்' என்று பெயர். ஒரு குறிப்பிட்ட விதமாக அறுத்தால் பலகை முழுக்கப் பட்டுப்புடவை மடிப்பில் வெளிச்சம் பட்டாற்போல் மினுமினுக்கும். இதன் தூள் சிலர் உடம்புக்கு அரிக்கும் என்று ஆசாரியாரின் பையன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலை செய்தான். தேக்கைப்போல் உரம் கிடையாது. பீரோவை இழுத்தால் தடம் விழும். நாற்காலிக் காலுக்குக் கம்பளித் துணி ஒட்டுவது நல்லது.

மறுநாள் காலை தரை வேலை ஆரம்பம். முதலில் டைல்ஸின்மேல் கனத்த பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள், அடியிலிருந்து ஈரம் ஏறாமலிருக்க. அதன்மேல் அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பள்ளமான இடத்தில் சிம்பு செருகினார்கள். இதற்கே பாதி நாள் ஆயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. பலகை எப்போது அடிப்பார்களோ!

சுவரிலிருந்து அரை அங்குலம் விட்டுக் கயிறு கட்டி, முதல் வரிசைப் பலகையைக் கயிற்றோடு கயிறாக வைத்தார். முதல் வரிசை கோணினால் கடைசி வரிசை வரை கோணல்தான். பலகையின் முகத்தில் ஆணி அடிக்கவில்லை. நாக்கின் வேரில் சாய்வாக அடித்து, தலையை உள்ளே இறக்கிவிட்டார். அடுத்த பலகையின் காடி அதன்மேல் வந்து மூடிக்கொள்கிறது. ஆணி அடித்த சுவடே தெரியாது. நாம் ரவிக்கைக்கு உள்தையல் போடுகிறோமே, அதே யுக்தி. பலகைகளின் முனைகள் ஒரே கோட்டில் வராதபடி, செங்கல் கட்டுகிறாற்போல் மாற்றி மாற்றி வைத்தார்.

சில வரிசைகள் ஆனதும் என்னைப் பார்த்துக் கை நீட்டினார். "அம்மணி, பத்திரிகை!"

அப்போதுதான் மர்மம் விடுபட்டது. இரண்டு வரிசைக்கு ஒரு தடவை, பலகைக்கும் பலகைக்கும் நடுவே கல்யாணப் பத்திரிகை அட்டையைச் செருகி வைத்து, ஆணி அடித்தபின் உருவிக்கொள்கிறார். அட்டை கனத்துக்கு இடுக்கு நிற்கும். மழைக்காலத்தில் பலகை ஊதிக்கொள்ள அந்த இடம். முன்னவர் தாள் நுழையாது என்று பெருமைப்பட்டாரே, அந்த இடத்தில் இவர் என் மைத்துனர் கல்யாணத்தையே நுழைத்துவிட்டார்! சுவரோரத்து அரை அங்குலத்தை மறைக்க ஓரச்சட்டம். அதைச் சுவரோடுதான் பிணைக்க வேண்டுமாம். தரையோடு பிணைத்தால் வேலை எல்லாம் வீண்.

பலாப் பலகைகளுக்கு நாக்கும் காடியும் கையாலேயே வெட்டி, வாசற்படிக்குப் பக்கத்திலும் கட்டில் ஓரத்திலும் போட்டார். காலடி அதிகம் படுகிற இடம் அவைதானாம். கீழே மாமரச் சட்டம் கிடைத்திருந்தால் போதாதா, இவ்வளவு சிரமம் எதற்கு என்று பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனார். தரை உயர்ந்துவிட்டதால் கதவு இடித்தது. அதைக் கழற்றி அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் அறுத்தார்கள். இதை முதலிலேயே யாரும் யோசிப்பதில்லை. வாசகிகள் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் உப்புத்தாள். முரட்டுத் தாள், நடுத்தரம், நைஸ் என்று மூன்று தரம். இழை ஓடுகிற திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அப்போது தெரியாது. எண்ணெய் பட்டதும் பூனை பிராண்டினாற்போல் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். நானும் ஒரு மூலையில் தேய்த்தேன். ஆசாரியார் அந்த மூலையை மட்டும் மறுபடி ஒரு தடவை தேய்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துணியால் ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பு மாதக்கணக்கில் போகாது. அன்று சாயங்காலம்தான் ஒரு விபத்து நடக்கவிருந்தது. டீச்சரின் பையன் சமர்த்தாக, துடைத்த துணிகளையெல்லாம் பந்தாய்ச் சுருட்டி, இழைப்புச் சுருள் குவித்திருந்த மூலையில் போட்டுவிட்டான். ஆசாரியார் கத்தின கத்தலில் மாட்டுக்கொட்டில் வரை அதிர்ந்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும். விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி வைத்தாலோ உள்ளுக்குள்ளே ஏறி ஏறி, நெருப்புக்குச்சி கிழிக்காமலே தீப்பற்றிக்கொள்ளும். அந்தப் பந்தை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்றிருந்தது! எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. துணிகளைத் தண்ணீரில் முக்கி எடுத்து வேலிமேல் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டோம். மர சாமானுக்கு எண்ணெய் பூசுகிற வீடுகளில் இதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

மூன்று பூச்சு, பூச்சுக்கு ஒரு நாள். கடைசியில் மலைத் தேனடையின் மெழுகை டர்பன்டைனில் இளக்கித் தேய்த்தார். நேர் அடுப்பில் வைக்காமல், அணைத்த அடுப்பின்மேல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கினார். பட்டணத்துப் பிளாட்டுகளில் இதற்குப் பதில் பாலியுரிதேன் வார்னிஷ் அடிக்கிறார்கள். தினம் ஈரத்துணி போடுகிற வீட்டுக்கு அதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டாற்போல் தெரியாமல் சரிசெய்வது கடினம். எண்ணெய்த் தரையில் கீறின இடத்தில் மட்டும் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். எதுவானாலும் வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக் கழுவுகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

எல்லாம் முடிந்தது. சில்வர் ஓக் இளஞ்சிவப்பு. வாசலோரம் பலா மஞ்சள். நாள்பட அதுவும் பழுப்பேறிவிடுமாம். டீச்சர் திண்ணைக்குப் போய், "அம்மா, வந்து பாரு" என்றாள். "பார்க்கிறேன்" என்றார் அம்மா. எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று. டீச்சர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் பனி. ஜன்னலுக்கு வெளியே காப்பிச்செடிகூடத் தெரியவில்லை. ஏதோ சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அம்மா அந்த அறை வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். மெதுவாகக் குனிந்து, பலாப் பலகை ஒன்றை உள்ளங்கையால் தடவினார். அதில் பழைய கணு ஒன்று கண்போல் இருந்தது.

"இது சாமை மூட்டைக்குக் கீழே இருந்துச்சு" என்றார், என்னைத் திரும்பிப் பாராமலே. "மாமன் அறுக்கிறப்போ நான் கீழே புடிச்சிருந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். டீச்சர் காப்பி கொண்டுவந்தாள். கை நடுங்கி டம்ளர் தளும்பியது. தரையில் சிந்திவிடப் போகிறதே என்று நான் பதறினேன். அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டார்:

"ஏங்கண்ணு, வெள்ளிக்கிழமைக்கு இதுக்குச் சாணி போடலாமில்லே?"

ஆசாரியார் கிணற்றடியிலிருந்து ஓடி வந்தார். இரண்டு தரப்புக்கும் அரை மணி நேரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் வாசற்படிக்கு வெளியே ஒரு முழம் மட்டும் சாணம் மெழுகிக் கோலம் போடுவது, உள்ளே உலர்ந்த துணியால் துடைப்பது என்று சமரசம் ஏற்பட்டது. நான் பஸ் ஏறக் கிளம்பியபோது, டீச்சர் பழைய வீட்டிலிருந்து பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.